கை இரண்டும் மேசைமேல்

அந்தப் பெரிய கடையில் அவளைச் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. பில் போடுகிற பெண்களிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் கேமராக்கா. மூன்று மாடிக் கடையின் பின்பக்கம், குளிர்பெட்டிகளின் மோட்டார் உறுமுகிற இடத்துக்கு அடுத்து, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் பதினாறு திரைகள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அந்தப் பதினாறையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கச் சம்பளமா என்று கேட்ட ஒருவரை அவள் தன் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தாள். நாற்பதாவது நிமிடம் மனிதர் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார்.

அவளுக்குத் தூக்கம் வராது. முன்பு ஆறு வருஷம் பில் கவுன்டரில் நின்றவள். ஒரு நாள் வெளியே போகிற ஆளைப் பார்த்து, "அண்ணே, அந்தக் குடை உள்ள போறப்ப ஒல்லியா இருந்துச்சு, இப்ப மாசமா இருக்கு பாருங்க" என்று செக்யூரிட்டியின் காதில் ஓதினாள். குடையை விரித்தால் சாக்லேட்டும் ஷேவிங் பிளேடுமாகக் கொட்டியது. மறு வாரமே மேனேஜர் அவளைத் திரை அறைக்கு மாற்றிவிட்டார். அங்கே போய்த் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். புதிதாக வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வாள்: "முகத்தப் பாத்தா ஏமாந்துடுவோம். கையப் பாரு. கை பைக்குள்ள போச்சுன்னா அங்க ஒரு கதை இருக்கு."

வேலையை வேலை செய்கிற இடத்தில் விட்டுவிட்டு வரும் சாமர்த்தியம் மட்டும் அவளுக்கு வரவில்லை. வீட்டு வாசலில் செருப்பு நாலு விரல் தள்ளிக் கிடந்தால் யார் வந்தது என்று கேட்பாள். பழக்கடைக்காரர் கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டால் குனிந்து தராசைப் பார்ப்பாள். புருஷன் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். யாரையும் நம்பிவிடுகிற சுபாவம். அவரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"ஏங்க, இன்னிக்கு என்ன சீக்கிரம்?"

"பார்சல் கம்மி."

"நேத்தும் கம்மின்னு சொன்னீங்க."

"நேத்து லேட்டாத்தான வந்தேன். அதுக்கும் ஏன்னு கேட்ட."

இவர்களுக்கு ஒரே மகள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்ததால் சில்வண்டு என்று அப்பா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் கேமராக்கா அன்றைக்குப் பிடித்த ஆட்களைப் பற்றி நடித்தே காட்டுவாள். ஒருத்தி பவுடர் டப்பாவை எப்படிக் கைக்குட்டைக்குள் சுருட்டினாள், பிடிபட்டதும் எப்படி முழித்தாள், பின்னறைக்குக் கூட்டிப்போனதும் எப்படி அழுதாள் என்று ஒன்று விடாமல் வரும். புருஷன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். சில்வண்டுதான் கை காய்ந்துபோகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்பாள். நடுநடுவே கேள்வி வேறு. "பில் இருந்தா விட்டுடுவீங்களாம்மா?" என்று கேட்டால், "பில் இருந்தா எங்க அப்பனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, இல்லன்னா நேரா உள்ளதான்" என்பாள் அம்மா. பிள்ளை விவரமாக வளர்கிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமை.

அந்தச் சில்வண்டு நாலு மாதமாகச் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. கேட்டதற்குப் பதில் வரும், அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. படுக்கப்போகும் முன் கதவு பூட்டியாச்சா என்று நாலு தடவை கேட்டாள். மாடிப்படியில் யாராவது ஏறினால், இது மேல்வீட்டு மாமா, இது யாருன்னு தெரியல என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொன்னாள். "உஷாரான பொண்ணு" என்று கேமராக்கா அதற்கும் மெச்சிக்கொண்டாள். பள்ளியிலிருந்து போன் வந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது.

தலைமை ஆசிரியையின் அறையில் வகுப்பு டீச்சரும் இருந்தாள். சின்ன வயசு, மெலிந்த குரல். பேசும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையை எதற்கு மறைக்கிறாள் என்று கேமராக்காவுக்கு அப்போதே பொறி தட்டியது.

"பைய அவ தொறக்கவே மாட்டேங்குறாங்க" என்றாள் டீச்சர். "புத்தகத்த எடுன்னா என்னையே பாக்குறா. நானா எடுத்து வச்சா ரெண்டு வரி எழுதுறா, அப்புறம் நின்னுடுது. கவனம் இல்லன்னும் சொல்ல முடியல. கதவு லேசா ஆடினா அவதான் முதல்ல திரும்புறா. யாரு பென்சில யாரு எடுத்தாங்கன்னு கேட்டா டக்குனு சொல்றா. எல்லாத்தையும் கவனிக்கிறா, பாடம் மட்டும்தான் உள்ள போக மாட்டேங்குது. எதையோ பாத்துப் பயந்த மாதிரி இருக்கு. வீட்டுல ஏதாவது…"

"வீட்டுலயா?" என்றாள் கேமராக்கா. கடையில் எத்தனை பேரைப் பார்த்தவள் அவள். பொருளை ஒளித்தவன்தான் முதலில் அடுத்தவன் பையைக் காட்டுவான்.

தலைமை ஆசிரியை இடையில் புகுந்து விஷயத்துக்கு வந்தார். பருவத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம். அதிலும் வெறும் தாளைக் கொடுத்தால் பிள்ளையை மறுபடி இரண்டாம் வகுப்பில் உட்கார வைப்பதைத் தவிர வழியில்லை. அதைக் கேட்டதும் கேமராக்காவின் காது சூடேறியது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. யாரோ ஒரு ஆள் கெடுத்திருக்கிறான். அந்த ஆள் யார் என்று தெரிந்தால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

"மேடம், என் பொண்ண யாரோ பயமுறுத்தியிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சு உங்க முன்னாடி கொண்டாந்து நிறுத்துறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

முதலில் பள்ளி வேனைச் சந்தேகப்பட்டாள். மூன்று நாள் காலையில் புருஷனின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே போனாள். வேன் ஆயா பிள்ளைகளை அரிசி மூட்டை ஏற்றுவதுபோல ஏற்றி இறக்கினாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்த ஆயாவே வண்டியை நிறுத்தச் சொல்லி, "ஏம்மா, வேன்ல ஏறணும்னா ஏறிக்கோ, எதுக்குப் பெட்ரோல் செலவு?" என்று கேட்டுவிட்டாள். அடுத்து, வகுப்பில் பின்னால் உட்காரும் பையன். அவன் அம்மாவைத் தேடிப் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், அவன் நாலு நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறான், சில்வண்டு அவனுக்கு வரைந்து கொடுத்த படம் ஒன்று அவர்கள் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

மிச்சம் டீச்சர். இதற்கு மகளிடமிருந்தே வாக்குமூலம் வாங்கப் பார்த்தாள். கடையில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்தாள். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பாள். தலை வாரும்போது விளையாட்டாக ஒருதரம், பல் துலக்கும்போது சட்டென்று ஒருதரம், படுத்த பிறகு கொஞ்சலாக ஒருதரம். பதிலில் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பாள். பிள்ளைக்கோ கேள்வி வரும்போதெல்லாம் தோள் காதோடு ஒட்டிக்கொண்டது.

"டீச்சர் கைய ஓங்குவாங்களா?"

சில்வண்டு சீப்பு பிடித்திருந்த அம்மாவின் கையையே பார்த்தாள்.

"சொல்ல மாட்டேங்குறா பாருங்க. அடிச்சிருக்கா அவ" என்று புருஷனிடம் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"நீ இப்படித் துருவித் துருவிக் கேட்டா எனக்கே பயமாத்தான் இருக்கு" என்றார் அவர். "கொஞ்சம் விட்டுப் பிடியேன்."

"நம்பி நம்பித்தான் போன மாசம் யாரு வீட்டுப் பார்சலையோ யாருகிட்டயோ குடுத்துட்டு வந்தீங்க."

வகுப்பறைகளில் கேமரா வைத்து மூன்று மாதத்துக்குமேல் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும். வைத்த புதிதில் சில்வண்டு வந்து சொன்னபோது, கன்னத்தைக் கிள்ளி, "அப்ப இனிமே உன்ன அங்கயும் அம்மா பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று சொன்னவளே அவள்தான். பத்து நாள் பதிவு இருக்கும், அதைக் காட்டாவிட்டால் எழுத்தில் புகார் கொடுப்பேன் என்று பள்ளியில் போய் நின்றாள். தலைமை ஆசிரியை இரண்டு நாள் இழுத்தடித்தார். இழுத்தடிப்பதே ஒரு சாட்சி என்று கேமராக்கா நினைத்துக்கொண்டாள். கடைசியில், பார்த்துத் தொலையட்டும் என்று அலுவலக எழுத்தரின் கணினியைத் திறந்துவிட்டார்கள்.

எழுத்தர் மவுஸைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி நகர்த்தினார். அவளுக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க சார்" என்று வாங்கி, எட்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டாள். டீச்சரின் கைகளை மட்டும் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன். அந்தக் கைகள் பலகையில் எழுதின, சளி பிடித்த ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்தன, ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டன. ஓங்கவேயில்லை. ஒரு தடவை அதட்டுவதற்காக மேசையைத் தட்டப்போய், வலித்து, விரலை உதறிக்கொண்டாள்.

"திருப்தியா?" என்றார் தலைமை ஆசிரியை.

கேமராக்கா மூன்று நாளையும் முதலிலிருந்து ஓட்டினாள். இந்த முறை மகளைப் பார்த்தாள்.

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். எல்லாப் பிள்ளைகளும் நெளிகிறார்கள், காதைக் குடைகிறார்கள், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறார்கள். சில்வண்டு அசையவில்லை. கை இரண்டும் மேசைமேல் இருந்தன, விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி. பை காலடியில் ஜிப் மூடிக் கிடந்தது. டீச்சர் ஏதோ சொல்ல, மற்ற பிள்ளைகள் எல்லாம் குனிந்து பைக்குள் கையை விட்டார்கள். இவள் மட்டும் விடவில்லை. பக்கத்துப் பெண் தன் பைக்குள் கையை விட்டபோது சில்வண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, கூரை மூலையில் இருந்த கேமராவை நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

கேமராக்கா படத்தை நிறுத்தினாள். திரையிலிருந்து அவள் மகள் அவளையே பார்த்தாள். ஒரு பாடவேளையில் மட்டும் அப்படிப் பதினொரு தடவை.

இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் பயன் இல்லை. அந்த நிமிஷத்தில் பெற்றவளுக்குத் தோன்றியது, இவள் என்னவோ திருடியிருக்கிறாள் என்பதுதான். கடையில் இப்படி நிற்கிறவர்களை அவளுக்குத் தெரியும். ஒன்றும் எடுக்காதவர் கையை எங்கே வைத்திருக்கிறோம் என்றே நினைக்க மாட்டார். மூக்கைச் சொறிவார், பையைத் துழாவுவார், போனை எடுப்பார். எடுத்தவன்தான் கையை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டு கேமரா எங்கே என்று பார்ப்பான். பதினான்கு வருஷத்து உத்தியோகப் புத்தி, பிள்ளை என்றும் பார்க்காமல் அவளையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டது. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மாலை நாலு மணிக்கு வேன் வந்தது. சில்வண்டு படியேறி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "பையக் குடு" என்றாள்.

பிள்ளை பையைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டியது. பிறகு யாரும் சொல்லாமலே இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோடு நின்று, கைகளை முன்னால் நீட்டி விரித்துக் காட்டியது. பின்னறையில் சோதனை போடும்போது செக்யூரிட்டி அப்படித்தான் நிற்கச் சொல்வார். அதை இவள் எப்படிக் கற்றாள் என்று நினைத்தபோது கேமராக்காவின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் திறந்தாள். பாதியில் விட அவளால் முடியவில்லை.

புத்தகங்கள், நோட்டுகள், டிபன் டப்பா எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். வேற்றுப் பொருள் ஒன்றும் இல்லை. முன்பக்கச் சின்ன ஜிப்பைத் திறந்தபோது ஒரு காகிதக் கட்டு வந்தது. தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டால் சுற்றியிருந்தது. பிரித்தாள். எல்லாம் கடை பில்கள். பென்சிலுக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று, அட்டை போடுகிற காகிதத்துக்கு ஒன்று, போன வருஷம் வாங்கிய அந்தப் பள்ளிப்பைக்கும் ஒன்று. இப்போதெல்லாம் பில்லில் எழுத்து ஒரு மாதம் நிற்பதில்லை, வெளிறிப் போய்விடுகிறது. வெளிறின இடங்களில் எல்லாம் பென்சிலால் குண்டு குண்டாக எழுதியிருந்தது. வகுப்பில் இரண்டு வரிக்குமேல் எழுதாத பிள்ளையின் கையெழுத்து.

"எல்லாத்துக்கும் பில் இருக்கும்மா" என்றாள் சில்வண்டு. கையை இன்னும் இறக்கவில்லை. "அப்பா அலமாரியிலேருந்து எடுத்தேன். தலையில இருக்கிற கிளிப்புக்கு மட்டும் இல்ல. அது அத்தை குடுத்தது. நீ வேணா அத்தைகிட்ட கேட்டுக்கோ."

கேமராக்கா கொட்டிக் கிடந்த நோட்டுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்தாள். பாவம், அப்போதும் பழைய கேள்விதான் அவள் வாயில் வந்தது.

"உன்ன யாருடி கண்ணு இப்படிப் பயமுறுத்துனது? அம்மாகிட்ட சொல்லு."

"அந்தப் பொண்ணு ரொம்ப அழுதாம்மா."

"எந்தப் பொண்ணு?"

"பாட்டில் பொண்ணு."

கேமராக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி உடைந்து ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாததால் மகளைத் திரை அறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்து, எந்தத் திரை எந்த இடம் என்று காட்டினாள். பதினொரு மணி வாக்கில், பாத்திரங்கள் வைத்திருக்கும் பகுதியில் ஒரு பெண் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலைத் தன் பைக்குள் போடுவதைப் பார்த்தாள். கூடவே சில்வண்டு வயதில் ஒரு சிறுமி. "பாத்தியா, பாத்தியா, கை உள்ள போச்சு" என்று மகளின் தொடையைத் தட்டிக்கொண்டே வாக்கிடாக்கியில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள். மகள் முன்னால் கையும் களவுமாகப் பிடித்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரையும் பின்னறைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னறைக்கும் திரை அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

அந்தப் பாட்டில் கடைப் பாட்டில் இல்லை. அடியில் அந்தச் சிறுமியின் பெயரும் வகுப்பும் எழுதி ஒட்டியிருந்தது. அதற்கு மாற்று மூடி கிடைக்குமா என்று வைத்துப் பார்க்க வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள் அந்த அம்மா. மேனேஜர் கைகூப்பினார், குளிர்பானம் வரவழைத்தார். அவள் தொடக்கூட இல்லை, ஒரு தாளில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கேமராக்கா திரும்பி வந்து மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில், பிடித்த வரைக்கும் நடித்துக் காட்டினாள், பாட்டிலின் அடியில் இருந்த பெயரை விழுங்கிவிட்டாள். தவறு நேர்ந்துவிட்டது என்று இதுவரை யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, புருஷனிடம்கூட.

இப்போது சொல்லாமல் முடியாது. "அன்னிக்கு அம்மா தப்பாப் பாத்துட்டேன்டா. அந்த பாட்டில் அவங்களோடதுதான்."

"தெரியும்" என்றாள் சில்வண்டு.

"எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேன். நீ அப்ப வேற ஸ்க்ரீன் பாத்துட்டு இருந்த. அவங்க பையிலேருந்துதான் பாட்டில எடுத்தாங்க, மூடிய வச்சுப் பாத்தாங்க. அப்புறம் திரும்ப உள்ள வச்சாங்க. நீ அதத்தான் பாத்த."

"பாத்தன்னா அப்பவே சொல்ல வேண்டியதுதானடி?"

பிள்ளை நீட்டியிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "நீ சந்தோஷமா இருந்த."

கேமராக்கா மகளைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அது விறைத்துக்கொண்டு நின்றது. அழுதால் தேவலை என்று இருந்தது, அதுவும் வரவில்லை. எடுத்தால்தான் பிடிப்பார்கள் என்று இந்தப் பிள்ளை நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. எடுக்காவிட்டாலும் பிடிப்பார்கள், பிடிக்கிறவள் நம் அம்மா, அவள் எங்கேயும் இருக்கிறாள் என்றல்லவா தெரிந்துகொண்டிருக்கிறது. நாலு மாதமாக வாய்ப்பாடு நுழையாத தலையில் இது ஒன்றுதான் ஓடியிருக்கிறது.

"நீ அவங்ககிட்ட சாரி சொன்னியா?"

"மேனேஜர் சொன்னாரு."

"நீ?"

எதற்கும் இருக்கட்டும், நாளைக்கு நம் தலையில் விடிந்தால் காட்டலாம் என்று அந்தப் புகார்த் தாளைக் கேமராக்கா அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அதில் கீழே போன் நம்பர் இருந்தது. தேடி எடுத்தாள். அந்த நம்பரை அடித்தாள்.

"யாரு?"

"நான்… கடையிலேருந்து பேசறேங்க. கேமரா பாக்குறவ."

"இப்ப என்ன காணோம்?"

"ஒண்ணும் காணாம போகலீங்க. அன்னிக்கு நான்தான் தப்பாப் பாத்தேன். அதச் சொல்லத்தான் பண்ணேன். மன்னிச்சிடுங்க."

"நாலு மாசம் கழிச்சா? யாரு சொல்லச் சொன்னா உங்கள? நான் எழுதிக் குடுத்தது மேல போயிடுச்சா?"

"இல்லீங்க. யாரும் சொல்லல."

"சும்மா ஒருத்தர் இப்படிப் போன் பண்ண மாட்டாங்களே. என்ன வேணும் சொல்லுங்க."

இதே குரலில், இதே வார்த்தைகளில் கேமராக்கா எத்தனை பேரைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணே மேலே பேசினாள், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "என் பொண்ணு இப்ப எந்தக் கடைக்குள்ளயும் வரமாட்டேங்குறா. வாசல்லயே நின்னுக்குறா. அந்த பாட்டில எடுத்து ஒளிச்சு வச்சிருக்கா. ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்ல. உங்க மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

சில்வண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சுவரை விட்டு நகர்ந்து, தரையில் கிடந்த நோட்டுகளைத் தாண்டி வந்து போனுக்குக் கையை நீட்டினாள். "அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கச் சொல்லு."

கேமராக்கா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அந்தப் பக்கமும் தயங்கினார்கள். கடைசியில் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"நான் அன்னிக்கு ஸ்க்ரீன்ல பாத்தேன்" என்றாள் சில்வண்டு. "பாட்டில் உங்க பையிலேருந்துதான் வந்துச்சு. உங்கம்மா எதுவும் எடுக்கல." கொஞ்சம் கேட்டாள். "ம். சொல்லியிருக்கலாம். பயமா இருந்துச்சு."

அப்பா வேலை முடிந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்த சில்வண்டு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை போனைப் பிடித்திருக்க, இன்னொரு கை விரித்தபடியே முழங்கால்மேல் இருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளை என்னவோ நீளமாகச் சொன்னது. கேட்டுக்கொண்டே இருந்தவள் அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உனக்கும் எங்கம்மாவ நெனச்சாத்தான் பயமா?" என்று போனில் கேட்டாள். "எனக்கும் அவங்கள நெனச்சுத்தான்."

இருவரும் இருபது நிமிஷம் பேசினார்கள். கேமராக்கா எழுந்து போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, தன்னைப் பற்றித் தன் மகள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள்.